இரண்டு கிளாஸ் புஸ்வாணம்

அத்தியாயம் 7

"சார், ஒரு சந்தேகம். மூணு பீரை ஒரே கிளாஸ்ல ஊத்திக் குடிக்கிறவனைத் தேடி நாம ஏன் இம்புட்டு வேகமாப் போகணும்? கொஞ்சம் பொறுத்தா அவனே தடுமாறி வந்து நம்ம வண்டி மேல விழுவானே!"

பாலம்மாள் கியரை மாற்றிக்கொண்டே கேட்டாள். துப்பறியும் நவநீதகிருஷ்ணனிடம் அவள் உதவியாளராகச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. கார் ஓட்டுவது, விசாரிப்பது, கேட்காத போதும் அபிப்பிராயம் சொல்வது என்று மூன்று வேலை பார்க்கிறாள். சம்பளம் ஒன்றுக்குத்தான் என்று அடிக்கடி சொல்லிக் காட்டுவாள்.

"விழுறதுக்குள்ள எழுந்து போயிட்டா?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"அது சரி."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. எம். புதுப்பட்டியில் அவளை ஏற்றியதிலிருந்து முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சாலையோரத்துப் பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் கேட்டைப் பூட்டிக்கொண்டு கிடந்தன.

"பயப்படாதம்மா. போற வழியில இன்னொரு தடவை சொல்லு" என்றார் நவநீதகிருஷ்ணன். "சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஏதாவது தட்டுப்படும்."

"என்னத்த சார் சொல்ல? அவரு பேரு கதிரவன். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற வேலை. கலவை ரூம்ல ரெண்டே பேருதான். இவரும் இருளாண்டி அண்ணனும். போன வருசம் பங்குனியில அந்த ரூம் வெடிச்சுச்சு. ஒரு உடம்புதான் கிடைச்சது. இருளாண்டி அண்ணன்னு சொன்னாக. இவரைக் காணோம்."

"ஊர்ல என்ன பேசுறாங்க?"

"கலவையைத் தப்பாப் போட்டு, கூட்டாளியைக் கொன்னுட்டு ஓடிட்டான்னு பேசுறாக. கம்பெனி வேன்ல என் பக்கத்து சீட்டு காலியா வருது சார். நின்னுக்கிட்டு வந்தாலும் வருவாக, என் பக்கத்துல உக்கார மாட்டாக."

"நீ என்ன நினைக்கிற?"

பாண்டிச்செல்வி முந்தானை நுனியை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"அவரு ஓடுற ஆளு இல்ல சார். ஆனா ஓடலைன்னா, அந்த ரூமுக்குள்ளல்ல இருந்திருக்கணும்? உசுரோட இருக்காருன்னு நினைச்சா அவரு ஓடினவரு ஆயிருதாரு. ஓடலைன்னு நினைச்சா... ரெண்டுல எதை வேண்டிக்கிறதுன்னே தெரியலை. கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன்."

பாலம்மாள் ஹாரன் அடித்தாள். எதிரில் வண்டி எதுவும் இல்லை.

"அந்த பீர் கதையைச் சொல்லு புள்ள" என்றாள்.

"ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும் எங்க வீட்டுக்குப் பின்னால உக்காருவாக. அவரு பாட்டிலைத் திறந்து அப்படியே குடிக்க மாட்டாருக்கா. கலந்துதான் ஆகணும். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு வெடி பேரு. ஸ்ட்ராங் தூக்கலா இருந்தா ஓலைவெடி. லைட் பீரும் எலுமிச்சம்பழமும்னா கம்பி மத்தாப்பு. கோதுமை பீரு, கறுப்பு பீரு, ஸ்ட்ராங், மூணும் சேர்ந்தா புஸ்வாணம். ஸ்ட்ராங்கைக் கடைசியிலதான் ஊத்துவாரு. 'கோபக்காரனைக் கடைசியில விடணும் செல்வி'ன்னுவாரு."

"ருசி எப்படி?" என்று கேட்டார் நவநீதகிருஷ்ணன்.

"முதல்ல சும்மா கசக்கும். பெறகு ஆரஞ்சுத் தோல் வாசம் எந்திரிச்சு வரும். தொண்டையில இறங்கும்போது கருப்பட்டி கருகின மாதிரி ஒரு இனிப்பு..."

"ஏ புள்ள! கேட்டுச் சொல்ற மாதிரித் தெரியலையே?"

"ஒரே ஒரு வாய்க்கா. எங்க ஊர்ல சொல்லிராதீக."

அன்று முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

விருதுநகர் நாலுவழிச் சாலையை ஒட்டிய அந்த ஓட்டலின் பின்பக்கத்தில் ஏ.சி. பார் இருந்தது. கார் நின்றதும் சப்ளையர் நாகையா ஓடி வந்தான். 'மூணு பீரைக் கலந்து குடிக்கிற ஆள் வந்தால் போன் பண்ணு' என்று பாலம்மாள் இந்தப் பக்கத்து பார் ஒன்று விடாமல் சொல்லி வைத்திருந்தாள். பதில் வந்தது இவனிடமிருந்து மட்டும்தான்.

பாண்டிச்செல்வியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

"ஆளு உள்ளதான் இருக்காரு சார்" என்றான் நாகையா. "கொஞ்ச நாளாவே ஞாயித்துக்கிழமை தவறாம வாராரு. ஓர டேபிள். தனியாத்தான் வருவாரு. இதுக்கு என்ன பேரு அண்ணாச்சின்னு கேட்டேன். புஸ்வாணம்னாரு. பக்கத்து டேபிள்ல கேட்டுட்டு இப்ப எல்லாரும் புஸ்வாணம் கேக்குறாக. நான் கலந்து குடுத்தா துப்பிட்டு, நம்மளையும் துப்பிட்டுப் போறாக."

"போட்டோல இருக்கிற ஆள்தானா?"

"நல்ல போட்டோ குடுத்தீக! கல்யாணப் போட்டோ. பவுடரை அப்பி, மாலைக்குள்ள பாதி மூஞ்சி. இவருக்கோ நெஞ்சு வரைக்கும் தாடி. அந்தப் போட்டோவை வச்சு என்னையக்கூடப் பிடிச்சுட்டுப் போகலாம் சார்."

"வேற ஏதாவது வித்தியாசமாச் செய்வாரா?"

"எதுதான் வித்தியாசம் இல்லை? செருப்பை இந்தப் பெட்டிக்கடை ஓரத்துல விட்டுட்டு வெறுங்காலோட வருவாரு. பாக்கெட்டுல கிடக்குற சாவி, சில்லறை எல்லாம் கடைக்காரர்கிட்ட குடுத்துருவாரு. உள்ள நுழையும்போது இந்த இரும்புக் கிராதியை ஒரு தடவை தொடுவாரு. டேபிள்ல ஸ்பூன் இருந்தா எடுக்கச் சொல்வாரு. கலக்குறதுக்கு ஸ்பூன் கிடையாது. கிளாஸைச் சாய்ச்சு, சாய்ச்சு, அதாவே சேர விடுவாரு."

"பாருக்கு வாரானா, சாமி கும்பிட வாரானா?" என்றாள் பாலம்மாள்.

"ரெண்டும் இல்லை. கலவை ரூமுக்கு வர்றான்" என்றார் நவநீதகிருஷ்ணன். "அங்கே இரும்பு கூடாது. ஒரு சின்னப் பொறி போதும். வாசல்ல செருப்பைக் கழற்றி, உடம்புல ஏறின கரண்ட் இறங்கட்டும்னு செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் உள்ளே போவாங்க. வேலை போயிடுச்சு, கால் மட்டும் மறக்கலை."

பாலம்மாள் பெட்டிக்கடை ஓரத்தில் குனிந்து ஒரு ஜோடி செருப்பைத் தூக்கினாள். மரியாதையான தூரத்தில் பிடித்தபடி காருக்குக் கொண்டுபோனாள்.

"இந்தா புள்ள, பாரு. மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாரு."

பாண்டிச்செல்வி வெடுக்கென்று வாங்கினாள். திருப்பினாள். இடது செருப்பின் வாரில் மஞ்சள் நூல் தையல்.

"அக்கா! இது நான் தைச்சது. வாரு அறுந்துபோச்சுன்னு கம்பெனித் திரி நூலை வச்சு நான்தான்... இது அவரு செருப்புக்கா!"

செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் தன் முகம் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. தண்ணீர் பாட்டிலை வாங்கி முகத்தைக் கழுவினாள். கார்க் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சரி செய்துகொண்டாள். பொட்டைக் கழற்றி நடுவில் ஒட்டினாள். பாலம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூட்டிட்டு வாங்கக்கா. நான் வந்திருக்கேன்னு மட்டும் சொல்லாதீக. தெரிஞ்சா ஓடிருவா..."

சொல்லி முடிக்கும் முன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பார் வாசலில் பாலம்மாள் உற்சாகமாக முந்தானையைச் செருகினாள். "கேஸ் முடிஞ்சது சார். செருப்பு சரி, கலவை சரி, பேரு சரி. காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியதுதான் பாக்கி."

"ஒண்ணே ஒண்ணுதான் புரியலை சார்" என்றான் நாகையா பின்னாலிருந்து. "அம்புட்டு அக்கறையாக் கலக்குறாரே, அவருக்கே பிடிக்க மாட்டேங்குது. ஒரு வாய் குடிப்பாரு, தலையை ஆட்டுவாரு. கறுப்பைக் கொஞ்சம் கூட்டுவாரு. மறுபடி தலையை ஆட்டுவாரு. ஒவ்வொரு வாரமும் ஒரு அளவு. இன்னும் சரிக்கு வரலையாம்."

நவநீதகிருஷ்ணன் நின்றுவிட்டார்.

"என்ன சார், மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"பாலம்மா, நீ வைக்கிற புளிக்குழம்புக்கு உப்பு எவ்வளவுன்னு தேடுவியா?"

"நான் ஏன் தேடணும்? கண்ணை மூடிட்டுப் போடுவேன்."

"என் வீட்டுக்காரி வச்ச புளிக்குழம்பை நான் வச்சா?"

"தேடுவீக. அவுக போனதுல இருந்து நீங்களும்தான் தேடுறீக. அன்னிக்குக்கூட ஆபீசுக்குக் கொண்டாந்தீகளே, வாயில வைக்க..."

பாலம்மாள் சட்டென்று நிறுத்தினாள். அவள் கண் தானாகக் காரின் பக்கம் திரும்பியது. அங்கே பாண்டிச்செல்வி இன்னும் தலையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"சார்... வேண்டாம் சார். அப்படி இருக்காது."

"வா" என்றார் அவர்.

பாருக்குள் ஒரு பெண் நுழைந்ததும் உள்ளே கலவரமே வந்தது. ஒருவர் மெனு அட்டைக்குப் பின்னால் மறைந்தார். இன்னொருவர் தன் கிளாஸை நண்பர் பக்கம் தள்ளினார். கழிப்பறையை நோக்கி மூன்று பேர் நடந்தார்கள்.

"பயப்படாதீக, உங்க வீட்ல இருந்து வரலை. இன்னும் அட்ரஸ் குடுக்கலை" என்று சொல்லிக்கொண்டே போனாள் பாலம்மாள். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

ஓர மேஜையில் தாடிக்காரன் ஒருவன் வெறுங்காலுடன் உட்கார்ந்திருந்தான். மூன்று பாட்டில்கள். கோதுமை பீர் கிளாஸில் ஏற்கெனவே இருந்தது. கறுப்பு பீரைக் கிளாஸின் உட்சுவர் வழியாக நூல் பிடித்தது மாதிரி இறக்கினான். நிறம் தேனிலிருந்து தேக்கு மரத்துக்கு மாறியது. கடைசியாக ஸ்ட்ராங். நுரை குபுகுபுவென்று எழுந்து, விளிம்பைத் தொட்டு, வழியாமல் நின்றது. இதேபோல் கலந்த இன்னொரு கிளாஸ், ஆள் இல்லாத எதிர் நாற்காலியின் முன்னால் தொடப்படாமல் இருந்தது.

நவநீதகிருஷ்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அங்கன ஆள் வருது" என்றான் அவன், நிமிராமல்.

"கதிரவன் வர மாட்டாரு, இருளாண்டி."

அவன் கையிலிருந்த பாட்டில் மெதுவாக, சத்தமில்லாமல் மேஜையில் இறங்கியது.

"இருளாண்டியா? செத்துட்டான்ல சார் அவன்?" என்றாள் பாலம்மாள்.

"ஆமாக்கா" என்றான் அவன். "செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

தன் கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீக?" என்று நவநீதகிருஷ்ணனிடம் கேட்டான்.

"இந்தக் கலவையோட ருசி தெரிஞ்ச நாக்கு உலகத்துல மூணுதான். கண்டுபிடிச்சவன் அளவைத் தேட மாட்டான். இன்னொருத்தி கதிரவன் சம்சாரம், எங்களை அனுப்பினதே அவ. மிச்சம் நீங்கதான்."

"தேடினாலும் வர மாட்டேங்குது சார். அவன் எப்பவும் ரெண்டு பேருக்குன்னுதான் கலப்பான். ஒரு ஆளுக்குக் கலந்தா அளவு ஒத்து வரலை. சரி, ரெண்டு பேருக்காவே கலப்போம்னு பார்த்தேன். அதுவும் வரலை."

"செருப்பு எப்படி மாறிச்சு?"

இருளாண்டி தன் வெறுங்காலைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் ஒரே வாசல்ல கழட்டிப் போடுறதுதானே. கழட்டிப் போட்ட பெறகுதான் ஒதுங்கிட்டு வந்துருவோம்னு நினைச்சேன். எது கிடைச்சதோ மாட்டிக்கிட்டு வேலிப் பக்கம் போனேன். அவன் அப்பத்தான் பூட்டைத் திறந்து உள்ள போனான். 'சீக்கிரம் வா மச்சான்'னான். நான் திரும்பல. பின்னால வெடிச் சத்தம்தான் கேட்டுச்சு, குப்புற விழுந்தேன். எந்திரிச்சுப் பார்த்தா ரூம் இல்ல. ஓடினேன் சார். உடைமரம், முள்ளு எதுவும் தெரியலை. ரோட்டுல ஒரு லாரியில ஏறின பெறகுதான் பார்த்தேன், கால்ல கிடக்குறது மாப்ள செருப்பு."

"அங்கே கிடந்தது உங்க செருப்பு."

"ஆமா. கலவை ரூம்ல யாரு இருக்கான்னு எட்டிப் பார்க்கிற பழக்கம் எங்ககிட்ட கிடையாது சார். வாசல்ல கிடக்குற செருப்பைத்தான் பார்ப்பாக. உடம்பு அடையாளம் தெரியாமக் கருகிக் கிடந்துச்சு, செருப்பை வச்சு ஆளைச் சொல்லிட்டாக. மறுநாள் பேப்பர்ல நான் செத்துக் கிடந்தேன்."

"திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாமே?" என்றாள் பாலம்மாள். "விருதுநகர்ல எங்க ஒளிஞ்சிருந்த இம்புட்டு நாளா?"

"ஒளியலைக்கா. பருப்பு குடோன்ல மூட்டை தூக்குறேன். பேரு முனியசாமின்னு குடுத்தேன். என்னை யாருக்குத் தெரியும்? தாய் தகப்பன் இல்ல, கல்யாணம் இல்ல. அந்த வீட்டுப் பின்வாசலைத் தவிர நான் உக்கார ஒரு எடம் கிடையாது. போகணும்னுதான் மறுநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அங்கன ரெண்டு பேரு பேசிக்கிட்டாக. 'அநாதைப் பிணம்னு விட்ரலாம்னாக, கூட்டாளி பொண்டாட்டிதான் கூடப்பிறந்தவளா நின்னு நெஞ்சுல அடிச்சு அழுதுச்சு'ன்னு."

பாலம்மாளின் கை நாற்காலி முதுகை இறுகப் பிடித்தது.

"யாருக்கு அழுதிருக்கா..." என்றாள். வாக்கியம் கேள்வியாக முடியவில்லை.

"அதுதான்க்கா. நான் உசுரோட போய் நின்னா, அந்த நிமிசம் அந்தப் பிள்ளைக்குப் புருசன் செத்துருவான். எனக்காக அழ ஒருத்தர் இருந்தாகன்னு தெரிஞ்ச அன்னிக்கே நான் எப்படிப் போய் அவுக தாலியை அறுக்குறது? நான் செத்தே இருந்துட்டாத் தங்கச்சி வாசலைப் பார்த்துக்கிட்டாச்சும் இருக்கும்னு விட்டுட்டேன்."

நவநீதகிருஷ்ணன் எதிரில் இருந்த கிளாஸைப் பார்த்தார். நுரை பாதி அடங்கியிருந்தது.

"இருளாண்டி, ஊர்ல கதிரவனை என்ன சொல்றாங்கன்னு தெரியுமா?"

"காணோம்னு சொல்வாக."

"இல்லை. கலவையைத் தப்பாப் போட்டு, உங்களைக் கொன்னுட்டு ஓடிட்டான்னு சொல்றாங்க. அவன் பொண்டாட்டி பக்கத்துல வேன்ல ஒருத்தரும் உட்கார மாட்டேங்கிறாங்க."

இருளாண்டி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"மாப்ளையா? ஓடினானா? ஓடினவன் நான்ல சார்! அவன் அன்னிக்கிக் கலவையைத் தொடவே இல்லையே! முந்தின நாள் மிச்சம் விழுந்த மருந்தை ராத்திரி உள்ள போட்டுப் பூட்டினது சூப்பர்வைசர். மிச்சத்தை உள்ள வைக்காதீக, தானாவே சூடேறி வெடிக்கும்னு அந்த ஆளுகிட்ட அவன் சண்டை போட்டதை நான் பார்த்தேன். அவன் கலந்து ஒருநாள் ஒண்ணு பிசகினது கிடையாது. யாரு சொன்னா? எவன் சொன்னான்?"

பார் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மெனு அட்டைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"இதை எங்ககிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்லை" என்றார் நவநீதகிருஷ்ணன். "அவ வெளியே வண்டியில இருக்கா."

அவன் பின்கதவை ஒரு தடவை பார்த்தான். பாலம்மாள் வழியை மறிக்கவில்லை, ஒதுங்கி நின்றாள். இருளாண்டி முன்கதவை நோக்கி நடந்தான்.

வெயில் சாய்ந்திருந்தது. பாண்டிச்செல்வி காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாடிக்காரனைக் கண்டதும் இரண்டடி வேகமாக வந்தாள். நின்றாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இருளாண்டி அண்ணனா? அண்ணே! நீங்களா? உசுரோடயா இருக்கீக? கும்பிட்ட சாமி கைவிடலை! எங்கண்ணே போனீக? என்னண்ணே இப்படி இளைச்சுட்டீக?"

அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அவன் தோளுக்கு மேலாக பார் வாசலைப் பார்த்தாள். அங்கே நவநீதகிருஷ்ணனும் பாலம்மாளும் மட்டும் நின்றார்கள்.

"அவரு பில்லைக் குடுத்துட்டு வாராராண்ணே?"

இருளாண்டி சாலைப் பக்கம் திரும்பினான். நாலுவழிச் சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"தங்கச்சி" என்றான். "அன்னிக்கி ஓடினது நான்தான்மா."

அவள் கைகள் அவன் கைகளிலேயே இருந்தன. விரல்கள் மட்டும் மெல்ல விட்டுப்போயின. வாசலைப் பார்த்த பார்வை அங்கேயே நெடுநேரம் நின்றது. பாலம்மாள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். பாண்டிச்செல்வி விழவில்லை.

"அப்ப... அவரு ஓடலை."

"இல்லம்மா."

"கலவை?"

"தொடவே இல்லம்மா. அவன் மேல ஒரு தப்பும் கிடையாது. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். போலீஸ்ல சொல்றேன். என்னைய உள்ள வச்சாலும் சொல்றேன்."

"போலீஸ்ல நாளைக்குச் சொல்லலாம்ணே."

அவள் திரும்பி நடந்து, காரின் பின்கதவை அகலமாகத் திறந்து, உள்ளே தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"ஏறுங்க. முதல்ல எங்க தெருவுல வந்து சொல்லுங்க. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு சொல்லுங்க. எல்லாரும் கேட்ட பெறகு நான் அழுதுக்கிறேன்."